பல வருடம் வாசித்த 15 வாட் டியூப் ஆம்ப்: ஸ்பீக்கர் கரகரப்பைத் தேடிப் பிடித்த அனுபவம்

என்னிடம் இருப்பது 15 வாட் டியூப் (வால்வு) கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கரும் அதே பெட்டியில் இருக்கும் காம்போ வகை. பவர் பகுதியில் இரண்டு இஎல்84, முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வால்வுகள். பின்பக்கம் பாதி திறந்த பெட்டி, அதற்குள் 8 ஓம், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வீட்டில் பயிற்சி, குழுவோடு ஒத்திகை, சிறிய மேடை என்று வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். இந்த வகை ஆம்ப் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு அதன் கிளீன், அதாவது சிதறாத, சத்தத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். மெதுவாக மீட்டினால் தெளிவாக ஒலிக்கும், கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் லேசாகக் கடிக்கும், கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் அந்தக் கடி போய்விடும். இதற்காகவே இன்னும் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் புதிதில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் ஒலிக்கும். வருடங்கள் போனபின் என்ன ஆகிறது, கெட்டால் எங்கே கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பலருக்கும் உதவும். அதனால் இந்தப் பகிர்வில் பெரும்பங்கு அதற்கே.

எல்லா டிஸ்டார்ஷனும், அதாவது ஒலிச் சிதைவும், கோளாறு அல்ல. பிரிட்டிஷ் ராக் குழுவான கிங்க்ஸின் டேவ் டேவிஸ் 1964-ல் தன் சிறிய ஆம்பின் ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பான கோனைப் பிளேடால் கீறியே தான் விரும்பிய கரகரப்பைக் கொண்டுவந்தார். நாம் வேண்டி வரவழைக்கும் கரகரப்பு எல்லா சுரத்திலும் ஒரே குணத்தோடு வரும், விரலின் அழுத்தத்துக்குக் கட்டுப்படும். கேட்காமல் வரும் கரகரப்பு அப்படி இல்லை. அதற்கென்று சில சுரங்கள், சில வால்யூம் அளவுகள் இருக்கும்.

என் ஆம்பில் வந்தது இப்படி. கிளீன் சேனலில், ஏ தந்தியின் இரண்டாம், மூன்றாம் கட்டைகளை (ஃபிரெட்) வாசிக்கும்போது, அதாவது பி, சி சுரங்களில், மீட்டிய உடனே ஒன்றும் தெரியாது. சுரம் நிலைக்கத் தொடங்கியதும் அடியில் மெல்லிசாக ஒரு ‘ஜிர்ர்’ ஒட்டிக்கொள்ளும். திறந்த ஏ தந்தியில் லேசாக, டி-க்கு மேலே கொஞ்சமும் கேட்காது. வால்யூமைக் குறைத்தாலும் அந்த இரண்டு கட்டைகளில் மட்டும் விடாது.

முதல் சந்தேகம் கிட்டார் மேல்தான் வர வேண்டும். தந்தி ஃபிரெட்டில் உரசுவதையும், பிரிட்ஜில் ஒரு சின்ன ஸ்பிரிங் அதிர்வதையும் ஆம்ப் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைப் பிரிப்பவர்கள் நிறைய. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதே சுரத்தை வேறு தந்தியில் வாசித்துப் பாருங்கள். ஏ தந்தி இரண்டாம் கட்டையில் வரும் அதே பி, தடித்த ஈ தந்தியின் ஏழாம் கட்டையிலும் வரும். இரண்டுக்கும் சுமார் 123 ஹெர்ட்ஸ்தான். எனக்கு இரண்டு இடத்திலும் ஒரே ‘ஜிர்ர்’. தந்தியும் ஃபிரெட்டும் மாறிய பிறகும் கரகரப்பு மாறவில்லை என்றால் கிட்டாரின் கழுத்துப் பக்கம் தேட வேண்டியதில்லை. இன்னொரு கிட்டாரையும் செருகிப் பார்த்தேன், அதிலும் அதுவே. பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகியும் கேட்டாயிற்று. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் பெடலும், ஆக்டிவ் பிக்கப்பும் அசிங்கமாகக் கரகரக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது பெட்டியும் அறையும். லூப்பர் பெடல் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோளாறான சுரத்தை ஒருமுறை பதிந்து ஓடவிட்டால் இரண்டு கைகளும் காலி. ஆம்பைச் சுற்றி வந்து கைப்பிடி, பின்பலகை, மூலைத் தகடுகள், முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகை, எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டியான ரிவர்ப் டேங்க் என்று ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கலாம். (வால்வுகளைத் தொடாதீர்கள். தோல் வெந்துவிடும்.) எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அறையில் ஜன்னல் கண்ணாடியும், மூலையில் இருக்கும் ஸ்நேர் டிரம்மும் கூடச் சேர்ந்து பாடும், ஆம்பைத் திருப்பி வைத்தோ வேறு அறைக்குத் தூக்கிப் போயோ அதை உறுதிசெய்துகொள்ளலாம். என் பெட்டியில் பின்பலகைத் திருகு இரண்டு தளர்ந்திருந்தன, முறுக்கினேன். கொஞ்சம் தேவலை என்று தோன்றியது, ஆனால் அசல் கரகரப்பு அப்படியே இருந்தது.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் மதிப்புள்ள சோதனை: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஆம்பை நிறுத்திவிட்டு அதே 8 ஓம் உள்ள வேறொரு ஸ்பீக்கர் கேபினெட்டில் இணைத்தேன். பி சுரம் கண்ணாடி போலச் சுத்தம். பிறகு என் ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கழற்றி, 8 ஓம் தாங்கும் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றில் கொடுத்தேன். ‘ஜிர்ர்’ கூடவே வந்துவிட்டது. மின்சுற்று தப்பித்தது, ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டது. இந்த இரண்டு இணைப்புக்கும் மொத்தமே அரைமணி நேரம்தான் ஆகும். வால்வுகளைக் கொத்தாக வாங்கி மாற்றிப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

இதில் கவனம் தேவை. டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒரு நொடி கூட வாசிக்கக் கூடாது. சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி இன்சுலேஷன் உடைந்துபோகலாம். இணைக்கும் வயரும் ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் அந்த மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

ஸ்பீக்கர்தான் என்று தெரிந்த பிறகு அதற்குள் எந்த உறுப்பு என்பது கேள்வி. கிட்டார் சுரம் ஒற்றை அதிர்வெண் அல்ல, மேலே வரிசையாக ஹார்மோனிக்ஸ் ஏறி நிற்கும், அந்தக் கூட்டத்துக்குள் கரகரப்பு ஒளிந்துகொள்ளும். அதனால் மொபைலில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, சைன் அலை மட்டும் கொடுத்தேன். 70 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போகவேண்டும், வால்யூம் பேச்சுக்குரல் அளவு போதும். தொடர்ச்சியான சைன் அலை, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலை நன்றாகச் சூடாக்கும் என்பதால் சத்தமாக வைத்து நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். நல்ல ஸ்பீக்கரில் இந்த அலை வழவழவென்று ஏறும். என்னுடையதில் 120-ஐத் தொட்டதும் அந்த ‘ஜிர்ர்’ முளைத்தது, 135 தாண்டியதும் மறைந்தது. ஏ தந்தியின் பி-யும் சி-யும் 123, 131 ஹெர்ட்ஸ். காது முதலிலேயே சொன்னதை இந்த எண்கள் உறுதிசெய்தன.

பலரும் முதலில் பயப்படுவது வாய்ஸ் காயில் உரசலுக்கு. காந்தத்தின் நடுவே உள்ள மிகக் குறுகிய வட்ட இடைவெளிக்குள் காயில் எங்கும் தொடாமல் ஏறி இறங்க வேண்டும். அதிகப்படி சூட்டில் காயில் சுற்றியிருக்கும் உருளை வளைந்தாலோ, பொருத்தும் திருகுகளை ஒருபக்கமாக இறுக்கி ஸ்பீக்கரின் சட்டம் கோணினாலோ அது சுவரில் உரசும். பார்க்கும் முறை: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனின் மேல், நடுவில் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். மணல் தேய்வது போலக் கேட்டால் உரசல்தான். ஒருபக்கமாக அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. எனக்கு எந்தச் சத்தமும் இல்லை. மல்டிமீட்டரிலும் 6 ஓமுக்கு மேல், 7-க்குக் கீழ் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேர்மின்னோட்டத் தடை அப்படித்தான் இருக்கும். 8 வரவில்லையே என்று பதற வேண்டாம்.

அப்படியானால் ஏதோ ஒன்று ஒட்டு விட்டிருக்க வேண்டும். கோனில் கிழிசல் இருக்கிறதா என்று பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்த்தேன், ஒளிக்கீற்று எங்கும் இல்லை. கோனின் ஓர மடிப்பு, பின்னால் காயிலை நடுவில் நிறுத்தும் மஞ்சள் துணியான ஸ்பைடர், முனையத்திலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் வயர்கள், எல்லாம் சரி. (இந்த வயர்கள் கோனைத் தட்டிக்கொண்டிருப்பது இன்னொரு பொதுவான காரணம்.) பிறகு 125 ஹெர்ட்ஸை ஓடவிட்டபடியே டஸ்ட் கேப்பின் விளிம்பில் விரல் நுனியை வைத்து மெல்லச் சுற்றி வந்தேன். கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்துக்கு வந்ததும் ‘ஜிர்ர்’ சட்டென்று நின்றது. விரலை எடுத்தால் மீண்டும் வந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது: கறுப்புப் பசையின் கோட்டில் முடி அளவு பிளவு, நான்கிலிருந்து ஏறக்குறைய ஏழு மணி வரை. அந்தப் பகுதி கோனோடு சேர்ந்து அசையாமல் தனியே அடித்துக்கொண்டிருந்தது.

சரிசெய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் ரப்பர் வகைப் பசையைப் பல்குச்சியால் மெல்லிய கோடாகப் பிளவுக்குள் தடவி, ஸ்பீக்கரை மேல்நோக்கிப் படுக்கவைத்து ஒரு இரவு முழுக்க விட்டேன். சட்டென்று ஒட்டும் நீர்த்த பசை வேண்டவே வேண்டாம். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி உடையும், உள்ளே வழிந்து காயில் இடைவெளியில் இறங்கினால் ஸ்பீக்கரே போய்விடும். நிறையத் தடவுவதும் கூடாது, எடை கூடினால் உச்ச அதிர்வெண்கள் மங்கும். திரும்பப் பொருத்தும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

அதற்குப் பிறகு இதே ஸ்பீக்கரோடு எத்தனையோ ஒத்திகை, மேடை ஆகிவிட்டது. அந்த ஒட்டு அசையவில்லை. சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிற்பாடு இன்னொரு கரகரப்பு வந்தது, அது முற்றிலும் வேறு சாதி. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, மெல்லிய ஈ தந்தியில் ஐந்தாம் கட்டைக்கு மேலே நீட்டி வாசித்தால், சுரத்துக்கு அடியில் அபசுரமாக வேறொன்று சேர்ந்து முனகும். வால்யூமைக் குறைத்தால் எந்தச் சுரத்திலும் இல்லை. ஏற்றினால் பல சுரங்களில், ஒவ்வொன்றிலும் வேறு வேறு முனகல். வேறு கேபினெட்டில் இணைத்தாலும் அதுவே தொடர்ந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் வழி தெளிவாயிற்று: கரகரப்பு குறிப்பிட்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வால்யூம் குறைந்தாலும் விடாமல் இருந்தால் அதிர்கிற பொருள் ஒன்றைத் தேடுங்கள். வால்யூம் ஏற ஏற வந்து, இறக்கினால் போனால் மின்சுற்றைத் தேடுங்கள். விதிவிலக்கு உண்டு, தளர்ந்த திருகு சில நேரம் பெரிய சத்தத்தில்தான் பாடும். ஆனாலும் முதல் அடியை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்த முனகலுக்குக் காரணம் பழையதாகிப்போன, மின்சாரத்தின் அலைவைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கினால் 100 ஹெர்ட்ஸ் அலைவு மிஞ்சும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120. கெப்பாசிட்டர் வலுவிழந்தால், ஆம்ப் கடினமாக உழைக்கும்போது அந்த அலைவு சுரத்தோடு கலக்கும். 440 ஹெர்ட்ஸ் ஏ வாசித்தால் கூடவே 340-ம் 540-ம் எழும். எந்த ராகத்திலும் சேராத சுரங்கள் அவை. இதை நான் தொடவில்லை, அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் கொடுத்தேன். இந்தக் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும், உயிரைக் குடிக்கும் அளவு அது. ஸ்பீக்கரோடு விளையாடலாம், மின்சுற்று இருக்கும் சேஸிஸுக்குள் வேண்டாம்.

வேறு சிலவும் உண்டு. சுரம் அடங்கும் கடைசி நேரத்தில் மட்டும் விட்டுவிட்டுச் சிதறினால் பவர் வால்வுகளையும் பயாஸையும் (அவற்றின் ஓய்வுநிலை மின்னோட்ட அமைப்பு) பார்க்கச் சொல்லுங்கள். முன்பகுதி வால்வை மரப்பென்சிலால் மெதுவாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி மாதிரி கணகணவென்று ஒலித்தால் அந்த வால்வு மைக்ரோபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையும் ஒலியாக்குகிறது. எல்லா வால்வும் தட்டினால் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும், ஒன்று மட்டும் கூச்சலிட்டால்தான் கோளாறு.

நீண்டநாள் பயனாளியாக இந்த ஆம்பைப் பற்றி என் தீர்ப்பு சாதகமானதுதான். ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் கூடவே வந்த ஸ்பீக்கரின் தாங்கும் திறன். 15 வாட் என்பது கிளீன் சத்தத்துக்கான கணக்கு. முழுக்க ஓவர்டிரைவ் செய்தால் ஏறக்குறைய இரு மடங்கு வரை சக்தி வெளியே வரும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் 30 வாட்டாவது தாங்க வேண்டும், என் ஸ்பீக்கர் அந்த எல்லையில்தான் நிற்கிறது. என்றாவது காயில் உரசத் தொடங்கினால், ஒட்டுப் போடாமல் கோனும் காயிலும் புதிதாக மாற்றுவேன், இல்லையென்றால் 50 வாட் தாங்கும் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்துவேன்.