மியூட்டா, பிளாக்கா, சொல்வடிகட்டியா?

இணைய விவாதங்களில் நம் நிம்மதியைக் கெடுப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் எரிச்சலூட்டுபவர். எந்த இழையாக இருந்தாலும் அதே பழைய சண்டையை இழுத்து வருவார், நான்கு வரி போதும் என்ற இடத்தில் நாற்பது வரி எழுதுவார், எல்லோரிடமும் ஆதாரம் கேட்பார், கொடுத்தால் படிக்கமாட்டார். இன்னொருவர் ஆபத்தானவர். மிரட்டுவார், போகும் இடமெல்லாம் பின்தொடர்வார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பொத்தானை அழுத்துவதால்தான் பாதி குழப்பம் வருகிறது. இங்கே நான் அலசுவது பெரும்பாலும் முதல் வகையினருக்கான கருவிகள்.

தொல்லை ஒன்றும் புதிதல்ல. பின்னாளில் பெர்ல் என்ற நிரல்மொழியை உருவாக்கிய லாரி வால் 1984இல், அந்தக் காலத்து விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டுக்காக ஆர்என் என்ற வாசிப்பு மென்பொருளை வெளியிட்டார். அதில் கில் ஃபைல் என்று ஒன்று உண்டு. ஒருவரின் பெயரை அதில் எழுதிவைத்தால் அவர் எழுதியது திரைக்கே வராது. பெயரைச் சேர்த்த கையோடு 'ப்ளாங்க்' என்று ஒரு பதிலும் போடுவார்கள். ஆள் கோப்புக்குள் விழுந்த சத்தமாம் அது. பின்னர் வந்த ஸ்லர்ன் போன்ற யூஸ்நெட் மென்பொருள்களில் பதிவுகளுக்கு மதிப்பெண் போடும் முறையே இருந்தது. அதில் தொல்லைக்காரரின் பதிவை மட்டுமல்ல, அவருக்குப் பதில் எழுதியவர்களின் பதிவுகளையும் சேர்த்துக் கீழே தள்ளலாம். இன்றைய செயலிகள் பலவற்றில் இந்த நுணுக்கம் கிடையாது. தொல்லைக்காரரை மறைத்த பிறகும், அவரோடு மல்லுக்கட்டும் பத்து பேரின் பதில்கள் வந்துகொண்டே இருக்கும்.

இப்போதைய மியூட் அந்தக் கில் ஃபைலின் வாரிசு. இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரில் 2014இல் வந்தது. நாம் அவரைப் பார்க்கமாட்டோம். அவருக்கு அது தெரியாது. அவரும் மற்றவர்களும் வழக்கம்போல் பேசிக்கொள்வார்கள். வெறும் எரிச்சலுக்கு என் ஓட்டு இதற்குத்தான், அதிலும் காலக்கெடு வைக்கக்கூடிய மியூட்டுக்கு. ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான மாஸ்டடானில் எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லி மியூட் செய்யலாம். டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இயங்கும் மன்றங்களில் ஒருவரை இக்னோர் செய்யப்போனால் எத்தனை நாளைக்கு என்று அதுவே கேட்கும். தேர்தல் நேரத்தில் தாங்கமுடியாத மனிதர் தேர்தல் முடிந்ததும் நல்ல சமையல் குறிப்பு எழுதுவார். அவரை ஏன் நிரந்தரமாக இழக்கவேண்டும்? ஃபேஸ்புக்கின் ஸ்னூஸும் இதே எண்ணத்தில் 30 நாள் ஓய்வு தருகிறது. ஆனால் அது நம் ஊட்டத்தில் (ஃபீட்) வரும் பதிவுகளுக்கான ஏற்பாடு. அவர் வேறொருவரின் பதிவுக்குக் கீழே வந்து வம்பு செய்தால் உதவாது.

பிளாக் வேறு சாதனம். அதற்கு ஒரு ஒற்றைப் பொருளே இல்லை. தளத்துக்குத் தளம் மாறும், ஒரே தளத்திலும் வருடத்துக்கு வருடம் மாறும். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் முன்பு பிளாக் செய்தால் அவர் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவ்வளவுதான். 2022 ஜனவரியில் அதை இருபக்கச் சுவராக்கினார்கள், அவருக்கும் நாம் தெரியமாட்டோம். தொல்லைக்கு ஆளானவர்களுக்கு அது நல்லதுதான். கூடவே ஒரு தந்திரமும் முளைத்தது: காரமாக ஒரு பதிலைப் போட்டுவிட்டு உடனே எதிராளியை பிளாக் செய்வது. எதிராளியால் அதற்குப் பதில் எழுதமுடியாது. பார்ப்பவர்களுக்கோ அவர் வாயடைத்துப் போனதாகத் தோன்றும். எக்ஸ் தளம் நேர்எதிர்த் திசையில் போனது. 2024 நவம்பர் முதல், நாம் பிளாக் செய்தவரும் நம் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம். பதில் எழுதுவது, லைக் போடுவது போன்றவற்றைத்தான் செய்யமுடியாது. ஆபத்தானவரிடமிருந்து ஒளிய நினைப்பவர் இதை நம்பி இருக்கக்கூடாது, கணக்கையே பூட்டுவதுதான் வழி. எக்ஸ் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கையில் மியூட் ரகசியம், பிளாக் பொதுத் தரவு. யாரை யார் பிளாக் செய்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். எரிச்சலுக்கு பிளாக் போட்டால் அதுவே அடுத்த சண்டைக்குத் தலைப்பாகும்.

ஆளை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் தடுக்கலாமே என்று தோன்றும். அதற்குத்தான் சொல்வடிகட்டி: நாம் கொடுக்கும் சொல் உள்ள பதிவுகளை மறைத்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது ஓரளவு ஒத்துவரும், நமக்கு அவ்வளவாக இல்லை. 'தேர்தல்' என்று வடிகட்டியில் போட்டால் 'தேர்தலில்', 'தேர்தலுக்கு' இரண்டும் தப்பிவிடும். கணினிக்கு ல் என்பது ல-வும் புள்ளியும். வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது. ஆகவே கடைசிப் புள்ளியை விட்டு 'தேர்தல' என்று போடவேண்டும், மாஸ்டடானில் உள்ளதுபோல் 'முழுச் சொல் மட்டும்' என்ற தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடவேண்டும். பணம் என்பது பணத்தை, பணத்தால் என்று மாறும்போது இந்த வித்தையும் போதாது, 'பணம்', 'பணத்த' என்று வடிகட்டியில் இரண்டு சொல்லாகப் போடவேண்டும். வலையை இன்னும் அகலமாக விரித்தால் வேறு வம்பு. 'சாதி' என்று தடுத்தால் மாநில அளவில் சாதித்த மாணவியின் செய்தியும் காணாமல் போகும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களோ ஒரு சொல்லை ஐந்து விதமாக எழுதுவார்கள். சரி, அப்படியானால் சொல்வடிகட்டி வீணா? ஒரே ஒரு பெயர், ஒரு ஹேஷ்டேக், முடிவு சொல்லிவிடுவார்களோ என்று பயப்படும் ஒரு படத்தின் தலைப்பு, இவற்றுக்குப் போதும். எக்ஸில் ஒரு சொல்லை 24 மணிநேரம், 7 நாள், 30 நாள் என்று கெடு வைத்து மியூட் செய்யலாம்.

தளம் எந்த வசதியும் தராவிட்டால் பிரவுசர் பக்கம் வரவேண்டும். யூபிளாக் ஆரிஜின் என்ற பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) விளம்பரத் தடுப்பான் என்று பெயர் வாங்கியிருந்தாலும், குறிப்பிட்ட பெயர் உள்ள கமென்ட் பெட்டியை அப்படியே மறைக்க அதில் விதி எழுதலாம். ரெடிட்டின் பழைய வடிவத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ரெடிட் என்ஹான்ஸ்மென்ட் சூட் என்ற நீட்சி உண்டு; மறைக்காமல் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் 'வாதம் வேண்டாம்' என்று வண்ணச் சீட்டு ஒட்டிவைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். ஆளை ஒழிக்கவில்லை, நம்மைத்தான் எச்சரிக்கிறது. குறைகளும் உண்டு. தளத்தின் வடிவமைப்பு மாறினால் விதி உடையும். கணினியில் எழுதிய விதி கைப்பேசிச் செயலியில் வேலை செய்யாது. கூகுள் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டதால் முழு யூபிளாக் ஆரிஜின் இப்போது குரோமில் ஓடாது, ஃபயர்பாக்ஸில் ஓடுகிறது.

நம் சொந்தப் பதிவுக்குக் கீழே வந்து தொல்லை கொடுப்பவருக்கு இன்ஸ்டாகிராமின் ரெஸ்ட்ரிக்ட் இருக்கிறது, 2019இல் வந்தது. அவர் எழுதும் கமென்ட் அவருக்கு மட்டும் தெரியும், நாம் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்கு. யூடியூப் சேனல் வைத்திருப்பவர்களுக்கும் இதுபோல ஒருவரைச் சேனலிலிருந்து மறைக்கும் வசதி உண்டு. தெரியாமலே ஒருவரைக் காற்றோடு பேசவிடுவது கொஞ்சம் குரூரம்தான். ஆனாலும் அடுத்த நாளே புதுக் கணக்கில் வருபவரைச் சமாளிக்க இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தனை இருந்தும், நம்மில் பலருக்கு அதிகம் தேவைப்படும் இடத்தில் எதுவும் கிடையாது. வாட்ஸப்பில் ஒருவரை பிளாக் செய்தாலும் பொதுவான குழுவில் அவர் எழுதுவது நமக்குத் தெரியும். குழுவை மியூட் செய்யலாம், ஆர்கைவ் செய்யலாம். காலை வணக்கம் அனுப்பும் சித்தப்பாவை மட்டும் தனியாக எடுத்து ஓரம் வைக்கமுடியாது. 2022இலிருந்து குழுவைவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்களின் பட்டியலைக் குழுவில் இருக்கும் எவரும் பார்க்கலாம். சித்தப்பா பார்ப்பார்.