பினாக்கிள்ஸ்: கிழக்கு வாசலா, மேற்கு வாசலா?

கலிஃபோர்னியாவின் ஒன்பது தேசியப் பூங்காக்களில் பினாக்கிள்ஸ்தான் சிறியது. ஏறக்குறைய 26,000 ஏக்கர், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வாசல்கள், ஆனால் இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. நடுவே பாறை முகடுகள் சுவராக நிற்கின்றன. ஒரு பக்கம் நுழைந்தவர் மறுபக்கம் போக வேண்டுமானால் நடந்து கடக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே வந்து, கிங் சிட்டி வழியாகச் சுற்றி, சுமார் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். எனவே எந்த வாசல் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். போனில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

சான் ஹோசே பக்கத்து நண்பர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வௌவால்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பாருங்கள், தூரத்தை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் குகைகள். இங்குள்ளவை சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்து உண்டான குகைகள் அல்ல. குறுகிய மலையிடுக்குகளில் மேலிருந்து விழுந்த பெரும் பாறைகள் கீழே போக முடியாமல் சிக்கி, கூரையாக நின்றுவிட்டன. தலைக்கு மேலே வீடளவு பாறை தொங்குவதை அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் அனுபவம் இரண்டு பக்கமும் உண்டு. கிழக்கில் பியர் கல்ச், மேற்கில் பால்கனீஸ்.

பியர் கல்ச் குகையில் டவுன்செண்ட் பெருஞ்செவி வௌவால்கள் வாழ்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே இந்த இனம் குட்டி ஈனும் கூட்டங்களில் இதுதான் மிகப் பெரியது. அதனால் வழக்கமாக மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை குகை முழுவதையும் மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் கீழ்ப்பாதி மட்டும் திறந்திருக்கும். மேல்பாதியும் சேர்ந்து திறப்பது பெரும்பாலான ஆண்டுகளில் மார்ச்சில் ஒரு வாரம், அக்டோபரில் ஒரு வாரம் என்ற அளவில்தான். அந்த வாரம் அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், கிழக்குக்குப் போங்கள். பாறையில் செதுக்கிய படிகள், கைப்பிடிக் கம்பிகள், பக்கத்திலேயே ஓடும் நீர் என்று மேலே ஏறி வெளியே வந்தால், எதிரே அணை கட்டித் தேக்கிய சின்ன ஏரி. எட்டு வயதுப் பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை, முழங்கால் ஒத்துழைத்தால் ஏறிவிடலாம்.

பால்கனீஸ் வேறு மாதிரி. அங்கே வௌவாலுக்காக மூடுவது வழக்கமில்லை. பெருமழைக்குப் பின் வெள்ளம் வந்தால்தான் கேட்டைப் பூட்டுவார்கள். ஆனால் படிக்கட்டு வசதியை எதிர்பார்க்காதீர்கள். உட்கார்ந்து சறுக்கி, கையை ஊன்றி இறங்க வேண்டும். நடுப்பகுதியில் டார்ச்சை அணைத்தால் சொந்தக் கை தெரியாது. குளிர்காலத்தில் முழங்கால் தண்ணீரும் இருக்கலாம். டார்ச் இரண்டு குகைக்கும் கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பாமல் ஆளுக்கொரு ஹெட்லேம்ப் மாட்டிக்கொள்ளுங்கள், பால்கனீஸில் இரண்டு கையும் தேவைப்படும். குகை என்ற அளவில் கேட்டால் என் ஓட்டு பால்கனீஸுக்குத்தான். பாறையின் குளிர்ச்சியையும் கனத்தையும் உடம்பு முழுக்க உணர்வது அங்கேதான். குகையும் அதன் மேலே உள்ள செங்குத்துப் பாறைப் பாதையும் சேர்ந்த சுற்று 2.4 மைல், பெரிய ஏற்றம் கிடையாது.

இன்னொன்று, எந்தக் குகையானாலும் சரி. வேறு எங்காவது குகைக்குள் போட்டுப்போன காலணியைக் கழுவாமல் இங்கே கொண்டுவராதீர்கள். வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதன் வித்துகள் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடியவை.

பாறைகளைப் பார்ப்பதில் மேற்குதான் முந்துகிறது. சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய பாறைகள் இவை. பிறந்த இடம் இதுவல்ல, தெற்கே லங்காஸ்டர் ஊர்ப்பக்கம். சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவை ஒட்டி, பசிபிக் தட்டு என்ற பூமியின் மேலோட்டுத் துண்டு வடமேற்கே நகர நகர, எரிமலையின் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிட, மறுபங்கு 195 மைல் நகர்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சாப்பரல் பார்க்கிங்கில் வண்டியை விட்டு இறங்கினாலே அந்த முகடுகள் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். மாலை வெயில் நேராக அவற்றின் மீது விழும். கிழக்கிலிருந்து இதே காட்சிக்கு நடந்து ஏற வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

காண்டோர் கழுகுக்காகவே வருகிறவர்கள் கிழக்குக்குப் போகலாம். இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துவந்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து, மெல்ல மெல்லத் திரும்ப விட்டார்கள். பினாக்கிள்ஸில் 2003 முதல் விடுகிறார்கள். 1890-களுக்குப் பிறகு இந்தப் பூங்காவுக்குள் ஒரு குஞ்சு வளர்ந்து பறந்தது 2016-இல்தான். நம் ஊர்ப் பாறு கழுகுகளை மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் கொன்றது. இங்கே வேட்டைக்காரர்களின் ஈயக் குண்டு. குண்டுபட்டுச் செத்த விலங்கைத் தின்று விஷமேறிச் சாகின்றன. 2019 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. அதற்குப் பிறகும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை.

இவற்றைப் பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று ஹை பீக்ஸ் முகடு, அதிகாலையில் அல்லது சாயங்காலம். இன்னொன்று கிழக்குப் பக்கக் கேம்ப்கிரவுண்டை ஒட்டிய மேடு. வானத்தில் தெரிவதெல்லாம் காண்டோர் அல்ல, பெரும்பாலும் டர்க்கி வல்ச்சர் என்ற இன்னொரு பிணந்தின்னிப் பறவைதான். இறக்கையை ‘வி’ போலத் தூக்கி, தள்ளாடித் தள்ளாடிப் பறந்தால் வல்ச்சர். பலகைபோல் நேராக, அசையாமல் மிதந்து, இறக்கையின் கீழே முன்பக்கம் வெள்ளை முக்கோணம் தெரிந்தால் காண்டோர். இறக்கையில் எண் அட்டையும் இருக்கும். பாட்டில் மூடி, கண்ணாடித் துண்டு எதையும் கீழே போடாதீர்கள். தாய்ப்பறவைகள் அவற்றைப் பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிடுகின்றன, குஞ்சு செத்துப்போகிறது.

ஹை பீக்ஸுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. கிழக்கில் காண்டோர் கல்ச் வழியாகச் சுற்று 5.3 மைல், மேற்கில் ஜூனிபர் கேன்யன் வழியாக 4.3 மைல். இரண்டுமே ஏறத்தாழ 1,200, 1,300 அடி ஏற்றம். மேலே போனதும் இரண்டும் ஒன்றுதான்: 1930-களில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு பாறையில் வெட்டிய கால்பதிவுகள், கம்பிகள். உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் அந்தத் துண்டைத் தவிர்க்கலாம்.

வசதி என்று பார்த்தால் கிழக்குக்குப் போட்டியே இல்லை. இரவில் தங்க கேம்ப்கிரவுண்ட் அங்கே மட்டும்தான். வாசல் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கூட்டமும் அங்கேதான், வசந்தகால வீக்கெண்டில் பியர் கல்ச் பார்க்கிங் காலையிலேயே நிறைந்துவிடும். மேற்கு வாசல் காலை 7:30-க்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும். சோலடாட் ஊரிலிருந்து வரும் சாலை கடைசி மைல்களில் ஒற்றை வண்டி அகலத்துக்குக் குறுகி வளைந்து போகும், பெரிய வேன்களுக்கு ஆகாது. வண்டிக்கு 30 டாலர் சீட்டு ஏழு நாள் வரை இரண்டு வாசலிலும் செல்லும். போன் சிக்னல் எந்தப் பக்கமும் நம்ப முடியாது.

முதல்முறை, பிள்ளைகளோடு, மார்ச் அல்லது ஏப்ரலில் என்றால் கிழக்கு. பூக்கள் விரிந்திருக்கும், 400-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் வாழும் இடம் இது, பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கட்டும். பாதையோரம் இருக்கும், பட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஓக் செடியை மட்டும் தொடவிடாதீர்கள். பெரியவர்களோடு அரைநாள் என்றால் மேற்கு. கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றாலும் மேற்கு, ஏனென்றால் பியர் கல்ச் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், பாதையில் நிழல் குறைவு. கேட் திறக்கும்போதே அங்கே நின்று, நிறையத் தண்ணீரோடு பால்கனீஸ் குகையை முடித்துக்கொண்டு, பதினோரு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.