நின்று கெட்ட ஜெனரேட்டர்: 5 ஆண்டுகள், 740 மணி நேரம்

கொட்டகை மூலையில் பல ஆண்டுகள் நனைந்தும் காய்ந்தும் கிடந்த ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஓடவைத்து 5 ஆண்டுகள் ஆகின்றன. மணி மீட்டர் இன்று 740 காட்டுகிறது. வாரத்துக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடியிருக்கிறது. பழைய இஞ்சின் என்றால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோயிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கழற்றிப் பார்த்தால், ஓடித் தேய்ந்தது மிகக் கொஞ்சம். ஓடாமல் நின்று கெட்டதுதான் ஏராளம். அது புரிந்த பிறகு இந்த வேலையைச் செய்கிற விதமே மாறிவிட்டது. இதேபோல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரூட்டப்படும், மெதுவாகச் சுற்றும் வகை. லிஸ்டர் சிஎஸ் என்ற பழைய ஆங்கிலேய வடிவமைப்பின் அச்சில் வந்தது. சிலிண்டர் விட்டம் 114.3 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 139.7 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன். இருபக்கமும் கனமான ஃப்ளைவீல். பெல்ட் வழியாகச் சுழன்று மின்சாரம் தரும் 3 கேவிஏ ஒற்றை ஃபேஸ் ஆல்டர்னேட்டர். எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அதனால்தான் இது பொழுதுபோக்காகச் செய்யத் தோதானது.

கொண்டுவந்த அன்று ஃப்ளைவீலைத் தள்ளினேன், அசையவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சுத்தியலை எடுக்கிறார்கள். பிஸ்டன் பிடித்துக்கொண்ட இஞ்சினை ஓங்கி அடித்தால் பிஸ்டன் விரிசல் விடும், கனெக்டிங் ராட் வளையும், ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி பிதுங்கும். நான் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றினேன். சிலிண்டர் சுவரில் பிஸ்டனுக்கு மேலே, விரல் அகலத்துக்கு ஒரு துருப்பட்டை இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இஞ்சின் நின்றிருக்கிறது. சைலன்சர் குழாய் வழியாக ஈரக் காற்றும் மழைத் தண்ணீரும் நேரே உள்ளே இறங்கியிருக்கின்றன. பட்டைக்கு மேலும் கீழும் சுவர் வழவழப்பாகத்தான் இருந்தது. கடைசியாக நிறுத்தியவர் டாப்பெட் இரண்டும் தளர்ந்திருக்கும் நிலைக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்கு, ஃப்ளைவீலைச் சுற்றி வைத்திருந்தால், எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பிஸ்டன் மேலேறும் வழியில் துரு இருந்தால் அது ரிங்கை உடைத்துவிடும். அதனால் முதலில் அதை மெல்லிய உப்புத்தாளால் கையால் தேய்த்து எடுத்தேன். அப்புறம் பிஸ்டன் தலையில் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றினேன். அசிட்டோனும் அதே எண்ணெயும் சமபங்கு கலந்தால் இன்னும் வேகமாக ஊடுருவும். ஆனால் அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. தினமும் காலையில் இறங்கிப்போன அளவுக்கு மறுபடி ஊற்றினேன்; மாலையில் மரக்கட்டையை வைத்து நாலு தட்டு தட்டினேன்; ஃப்ளைவீலை இருபக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தினேன். ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்தச் சின்ன அசைவு தந்த மகிழ்ச்சியை இஞ்சின் முதன்முதலாக ஓடியபோதுகூட நான் உணரவில்லை.

பிஸ்டனை வெளியே எடுத்தால், ரிங்குகள் கரியில் ஒட்டிப் பள்ளத்துக்குள்ளேயே உறைந்திருந்தன. எடுக்கும்போது ஒன்று உடைந்தது. முழு செட்டும் புதிதாகப் போட்டேன். புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன்பு சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்கு என்பது பொதுக் கணக்கு. இந்த அளவு சிலிண்டருக்கு அது 0.45 மில்லிமீட்டர். சிலிண்டரின் உட்குழாயான லைனரை மாற்றவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அளந்து பார்த்ததில் தேய்மானம் மிகக் குறைவு. துரு அரித்த சில சிறு குழிகள் மட்டும் இருந்தன. ஹோன் செய்து, அதாவது உட்சுவரைச் சன்னமாக உரசிவிட்டு, அதையே வைத்துக்கொண்டேன். 740 மணி நேரத்துக்குப் பிறகும் எண்ணெய் குடிப்பதில்லை, நீலப் புகையும் இல்லை. குழிகளைப் பார்த்துப் பயந்து லைனரைத் தூக்கிப் போடாதீர்கள், அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போல்ட், ராக்கர், பிராக்கெட் போன்ற துருப்பிடித்த சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையாக வேலை செய்தது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் சலவை சோடாவும், ஒரு பேட்டரி சார்ஜர், பழைய இரும்புத் துண்டு ஒன்று. பாகத்தை எதிர்முனையிலும் இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நல்ல உலோகத்தைத் தொடாமல் துருவை மட்டும் எடுத்துவிடும். நேர்முனைக்கு எவர்சில்வர் துண்டைப் போடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

எரிபொருள் பக்கம்தான் எனக்கு மிகவும் பொறுமை கற்றுக்கொடுத்தது. டேங்கின் அடியில் டீசல் இல்லை, கஞ்சி மாதிரி ஒரு கறுப்புக் கூழ் இருந்தது. டீசலுக்குள் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். அந்தக் கூழ் அதுதான். டீசலை அழுத்தி இஞ்சினுக்கு அனுப்பும் பம்பின் உள்ளே பிளஞ்சர் என்ற தண்டும் பேரல் என்ற உருளையும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றுக்கொன்று ஜோடியாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. அங்கே உப்புத்தாள் பட்டால் பம்ப் போயிற்று. ஒட்டியிருந்த பிளஞ்சரைச் சுத்தமான டீசலில் ஊறப்போட்டேன். நாலாம் நாள் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் மட்டும் சொட்டியது. அதைச் சோதனைக் கருவியில் வைத்துத் திறக்கும் அழுத்தத்தைச் சரிசெய்தபோது தெளிவான பனிபோல் தெளித்தது. நாசில் தெளிக்கும் இடத்தில் ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

வால்வுகளை அரைத்து உட்காரவைத்தது ஒரு மாலை வேலை. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஈயக்கம்பியை நசுக்கி அளந்து, அதைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றினேன். பேரிங்குகளில் எந்தக் குறையும் இல்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு கனமான பலகையைக் காற்று உள்ளே போகும் ஏர் இன்டேக் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் ரேக் மாட்டிக்கொண்டாலோ, இஞ்சின் தன் எண்ணெயையே குடிக்கத் தொடங்கினாலோ வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். எண்ணெயைக் குடித்து ஓடும்போது டீசலை அடைத்தாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, சிலிண்டரில் அழுத்தம் ஏறாமல் தடுக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டில் போட்டுச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டேன். மூன்றாம் முயற்சியில் பிடித்தது. சில நிமிடம் வெள்ளைப் புகை, அப்புறம் தெளிந்தது.

ஆல்டர்னேட்டர் பக்கமும் அதே கதை. மின்காப்பை அளக்கும் மெகரில் வைண்டிங் 0.2 மெகாஓம் காட்டியது. குறைந்தது 1 மெகாஓம் இல்லாமல் இப்படிப்பட்ட வைண்டிங்கில் மின்னழுத்தம் ஏற்றக்கூடாது. வைண்டிங் எரிந்திருக்கவில்லை, ஈரம் ஊறியிருந்தது. ஆல்டர்னேட்டரைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே இரண்டு குண்டு பல்புகளைத் துணியில் படாமல் எரியவிட்டேன். நாலு நாளில் 20 மெகாஓமைத் தாண்டியது. கார்பன் பிரஷ்கள் கூட்டுக்குள்ளேயே தூசியில் இறுகி, சுழலும் பகுதியான ரோட்டரின் உலோக வளையத்தை, அதாவது ஸ்லிப் ரிங்கைத் தொடாமல் நின்றிருந்தன. ஸ்லிப் ரிங்கைக் கண்ணாடித்துகள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றினேன். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள்கள் மின்சாரம் கடத்தும்.

எல்லாம் மாட்டி ஓட்டினால் 3 வோல்ட்தான் வந்தது. நீண்ட நாள் சும்மா கிடந்ததில் ரோட்டரின் எஞ்சிய காந்தம் மங்கிவிட்டது. தானே தூண்டிக்கொள்ளும் ஆல்டர்னேட்டருக்கு அந்தக் கொஞ்சக் காந்தம்தான் விதை. இஞ்சினை நிறுத்தி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் இணைப்பைப் பிரித்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை முனை மாறாமல் ரோட்டரின் காந்தச் சுருளான ஃபீல்டுக்குச் சில நொடிகள் கொடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் வோல்ட் மீட்டர் முள் மேலே ஏறியது.

மின்சாரத்தின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர 1500 சுற்று வேண்டும். 650-இலிருந்து அதைப் பெற 2.3 மடங்கு புல்லி விகிதம் தேவை. லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50 என்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் வேகம் ஏறி இறங்கி ஊசலாடியது. பலர் உடனே கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். எனக்கு இணைப்புக் கம்பிகளின் மூட்டுகளில் காய்ந்திருந்த பழைய கிரீஸைச் சுத்தம் செய்ததே போதுமாக இருந்தது. பல்பு துடிப்பது மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 325, அதாவது நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தைக் கண் நன்றாகவே உணரும். வி பெல்ட்டை எடுத்துவிட்டு வரிப் பட்டை பெல்ட் போட்டபின் பாதியாகக் குறைந்தது. படிக்கும் விளக்குக்கு இதை நம்பாதீர்கள்.

இந்த 740 மணி நேரத்தில் வந்த கோளாறுகள் மூன்று. 60-ஆம் மணியில் ஹெட் கேஸ்கட் கசிந்தது. முதல் சூட்டுக்குப் பிறகு நட்டுகளை மறுபடி இறுக்காமல் விட்டது என் தவறு. 380-இல் நாசிலில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் மீள்குழாய் அதிர்வில் விரிசல் விட்டது. புதுக் குழாயில் ஒரு வளையம் சுற்றிவிட்டபின் அந்தப் பிரச்சினை வரவில்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் தானாகச் சுழலும்படி வைத்திருந்தேன். இஞ்சின் சூடே ஆகவில்லை, கை வைக்கலாம்போல் இருந்தது. அதை நல்ல அறிகுறி என்று நினைத்தேன். சில மாதத்தில் எண்ணெய் பால்போல் மங்கியது, சைலன்சரில் கறுப்பு ஈரம் வடிந்தது. குளிர்ந்த இஞ்சினில் டீசல் முழுதாக எரியாது, எரியும்போது உண்டாகும் நீராவியும் எண்ணெயில் படியும். தெர்மோஸ்டாட் வைத்து 85 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கூடவே, லோடில்லாமல் ஓட்டுவதையும் நிறுத்தினேன். இப்போது வாரம் ஒருமுறை, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர்களை மாட்டி 2 கிலோவாட்டுக்குக் குறையாமல், குறைந்தது ஒரு மணி நேரம். அந்த லோடில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் ஆகிறது. பத்து நிமிடம் சும்மா ஓட்டி அணைப்பது இஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் அதை விட்டுவிடுங்கள். அதைவிட ஓட்டாமல் வைத்திருப்பதே மேல்.

எண்ணெய் 100 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எண்ணெயை வாரியடித்துத் தெளிக்கும் இந்த அமைப்பில் தனி ஃபில்டர் கிடையாது, அதனால் அதற்கு மேல் இழுப்பதில்லை. டேங்கை எப்போதும் நிரப்பி வைக்கிறேன். காலி இடம் இருந்தால் இரவில் ஈரம் படியும். மாதம் ஒருமுறை அடித் திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பேன். சைலன்சர் குழாய்க்கு மூடி. இஞ்சின் நின்றதும் இரண்டு வால்வும் மூடும் நிலைக்கு ஃப்ளைவீலைச் சுற்றி வைக்கிறேன்.

குறை என்றால், சத்தமும் எடையும். கனமான கான்கிரீட் மேடை இல்லாமல் இதை ஓட்டவே முடியாது. கொட்டகையின் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகைக்குழாய் வெளியே போக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வீட்டு வயரிங்கில் இணைப்பதாக இருந்தால் ஜெனரேட்டர் மின்சாரம் வெளி மின்கம்பிக்குப் போகாமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் கூடாது. இல்லையென்றால் வெளியே கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்து.

சென்ற வாரம் புகை சற்றுக் கறுத்தது. லோடைக் கூட்டவில்லை, ஏர் ஃபில்டரும் சுத்தம். நாசிலாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.