பவுலை அனுப்பியது யார்? பத்து ஒலிப்பாடங்களைக் கேட்டு முடித்தபின்

புதிய ஏற்பாட்டின் பல நிருபங்களை (கடிதங்களை) எழுதிய, ஆனால் இயேசுவின் பன்னிரு சீஷரில் ஒருவராக இல்லாத பவுலின் அப்போஸ்தல அதிகாரம் செல்லுமா, செல்லாதா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, பத்து ஒலிப்பாடங்களும் ஒரு குறிப்பேடும் இடையிடையே இரண்டு நேரடிக் கேள்வி நேரங்களுமாக அமைந்த இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை இரண்டு மாதங்களில் கேட்டு முடித்தேன். குறை சொல்லவேண்டிய இடங்கள் இருப்பதால், நடத்தியவர் பெயரையும் தளத்தின் பெயரையும் எழுதவில்லை. இந்தப் பொருளில் வரும் எந்தத் தொடரில் சேர்வதானாலும் அதில் எதை எதிர்பார்க்கலாம், எங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இம்மதிப்புரை உதவக்கூடும்.

முதல் இரண்டு பாடங்கள் சொல்லாராய்ச்சி. 'அப்போஸ்தொலொஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அனுப்பப்பட்டவர்' என்பதே பொருள் என்று தொடங்கி, ஒருவர் அனுப்பிய ஆள் அனுப்பியவருக்கே நிகர் என்ற யூத மரபின் விதியைக் காட்டி, அதிகாரம் என்பது ஆளிடம் இல்லை, அனுப்பியவரிடமே இருக்கிறது என்ற இடத்துக்கு ஆசிரியர் கேட்பவரைத் தெளிவாகக் கொண்டுவருகிறார். பிலிப்பியர் நிருபத்தில் எப்பாப்பிரோதீத்துவையும், ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அன்றோனீக்கு, யூனியா ஆகியோரையும் பற்றிப் பேசும்போது பவுல் இதே சொல்லைக் கையாளுகிறார் என்பதை அவர் சுட்டியது பயனுள்ளது. அவர் சொல்லாமல் விட்டதை நான் சேர்க்கிறேன்: நம்மிடம் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் எப்பாப்பிரோதீத்துவை 'ஸ்தானாபதி' என்று பெயர்த்துவிட்டது. பவுலுக்கு வரும்போது 'அப்போஸ்தலன்', எப்பாப்பிரோதீத்துவுக்கு வரும்போது 'ஸ்தானாபதி' என்று படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, மூலத்தில் இரண்டும் ஒரே சொல் என்பதும், அந்தச் சொல் அன்று பன்னிரண்டு பேருக்கு மட்டும் உரிய பட்டமாக இறுகிவிடவில்லை என்பதும் கண்ணில் படுவதே இல்லை. தமிழில் நடத்தும் ஒரு தொடர் இதை விட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் பாடம் எனக்கு ஏமாற்றமளித்தது. பவுலை மறுப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் தொடக்கத் திருச்சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் முதல் அதிகாரம்தான். பன்னிருவரில் யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு வருபவர் யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு மேலே எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை உடன் இருந்தவராக இருக்க வேண்டும் என்று பேதுரு சொல்ல, யோசேப்பு பர்சபா, மத்தியா என்ற இருவர் நிறுத்தப்பட்டு, சீட்டு மத்தியாவுக்கு விழுகிறது. பவுலுக்கு இந்தத் தகுதி இல்லை, ஆகவே அவர் அப்போஸ்தலர் இல்லை என்பது வாதம். இதற்கு மறுமொழியாக ஆசிரியர், மத்தியாவைத் தேர்ந்தது அவசரப்பட்டுச் செய்த பிழை, பன்னிரண்டாம் இடம் உண்மையில் பவுலுக்கே உரியது என்ற பிரசங்க மேடை விளக்கத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் விரித்துரைக்கிறார். அந்த விளக்கத்துக்கு நூலில் ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. பவுல் அந்த இருக்கையைக் கேட்கவே இல்லை. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களை வரிசைப்படுத்தும்போது 'பன்னிருவர்' என்று ஒரு கூட்டத்தையும் 'அப்போஸ்தலர் எல்லாரும்' என்று இன்னொரு கூட்டத்தையும் தனித்தனியே சொல்லிவிட்டு, அதற்கும் பின்னால்தான் தம்மை 'அகாலப்பிறவி' என்று வைக்கிறார். பன்னிருவருக்கான தகுதி விதியை எழுதிவைத்த அதே நூலாசிரியர், அந்நூலின் 14ஆம் அதிகாரத்தில் இரண்டு முறை பர்னபாவையும் பவுலையும் அப்போஸ்தலர் என்று எழுதுகிறார். மறுப்பவர்கள் தரப்பிலிருந்து இதற்குச் சொல்லக்கூடிய நியாயமான பதில் ஒன்று உண்டு: பவுலையே நாயகராகக் கொண்ட அவ்வளவு பெரிய நூலில் அந்தப் பெயர் அவருக்குக் கிடைப்பது அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும்தான். அந்தப் பதிலை ஆசிரியர் எடுத்துக் காட்டியிருந்தால் வாதம் இருபுறமும் கூர்மை பெற்றிருக்கும்.

தமஸ்கு வழியில் பவுலுக்கு இயேசு தரிசனமானதைச் சொல்லும் நடபடிகளின் மூன்று பகுதிகளை ஒப்பிடும் நான்காம் பாடம் பரவாயில்லை. உடன் போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்று 9ஆம் அதிகாரமும், கேட்கவில்லை என்று 22ஆம் அதிகாரமும் சொல்வதைக் கிரேக்க வேற்றுமை உருபைக் கொண்டு இணக்கிவைக்கும் பழைய முயற்சியை விளக்கி, அது எல்லாரையும் நிறைவு செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறார். ஆனால் அதிகாரம் பற்றிய விவாதத்துக்குச் சத்தம் கேட்டதா என்பதைவிட அனனியா எங்கே போனார் என்பதே முக்கியம். முதல் இரண்டு விவரிப்புகளிலும் அனனியா என்ற சீஷர் நடுவில் நிற்கிறார். அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசும் 26ஆம் அதிகாரத்தில் அவர் மறைந்துவிட, இயேசுவே நேரடியாகப் பணியை ஒப்படைக்கிறார். 'மனுஷராலுமல்ல, மனுஷன் மூலமாயுமல்ல' என்று கலாத்தியருக்கு எழுதியவரின் கூற்றுக்கு எது நெருக்கம் என்று கேட்டுப் பார்த்தாலே அடுத்த பாடத்துக்குக் கதவு திறந்திருக்கும்.

அந்த அடுத்த பாடங்கள், அதாவது கலாத்தியர் நிருபத்துக்கு ஒதுக்கிய ஐந்தும் ஆறும், தொடரின் இதயமாக இருந்திருக்க வேண்டியவை. பவுல் மனம் மாறியபின் எருசலேமுக்குப் போகாமல் அரபு நாட்டுக்குப் போனது, 3 வருடம் கழித்து எருசலேமில் கேபாவுடன் (பேதுருவுடன்) 15 நாள் தங்கியது, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலரைக் காணாதது, பிறகு 14 வருடம் கழித்து பர்னபாவோடும் தீத்துவோடும் மறுபடி போனது என்று கால வரிசை நன்றாகவே தரப்படுகிறது. இதில் முதல் அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் ஆசிரியர் நின்று பேசியதைப் பாராட்ட வேண்டும். 'எழுதுகிற இவைகள் பொய்யல்ல' என்று தேவனை முன்வைத்து ஒருவர் உறுதி சொல்வது எதற்கு? தம் உபதேசத்துக்காக இல்லை, தம் பயணக் குறிப்புக்காக. யாரைப் பார்த்தேன், எத்தனை நாள் இருந்தேன் என்பதற்கு ஒருவர் சத்தியம் செய்கிறார் என்றால், வேறு யாரோ அதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பவுல் எருசலேமில் பாடம் கேட்டுவிட்டு, பின்னால் அதைத் திரித்துச் சொல்கிறார் என்பதுதான் கலாத்தியாவில் பரவிய குற்றச்சாட்டாக இருந்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து ஆசிரியர் ஊகிப்பது ஏற்கத்தக்கது.

ஆனால் இரண்டாம் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தை அவர் இரண்டே நிமிடத்தில் கடந்துபோனதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த மனிதரிடமிருந்தும் அதிகாரம் பெறவில்லை என்று முதல் அதிகாரம் முழுக்க வாதாடியவர், இங்கே தாம் பிரசங்கிக்கும் சுவிசேஷத்தை எருசலேமின் முக்கியஸ்தரிடம் தனிமையில் விவரித்துக் காட்டியதாகவும், தாம் ஓடுவதும் ஓடினதும் வீணாகாதபடிக்கு அப்படிச் செய்ததாகவும் எழுதுகிறார். அவர்கள் ஏற்காவிட்டால் ஓட்டம் வீணாகிவிடுமா? வீணாகுமென்றால் முதல் அதிகாரத்தின் சுதந்திரம் எங்கே? வீணாகாதென்றால் போனது ஏன்? நான்கு வசனம் தள்ளி அதே தலைவர்களைப் பற்றி, அவர்கள் எப்படிப்பட்டவர்களாயிருந்தாலும் தமக்குக் கவலையில்லை என்கிறார்; இன்னும் மூன்று வசனம் தள்ளி, 'தூண்கள்' எனப்பட்ட யாக்கோபும் கேபாவும் யோவானும் தமக்கு வலதுகை கொடுத்ததைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். அங்கீகாரம் தேவையில்லை என்றும் அது கிடைத்துவிட்டது என்றும் ஒரே மூச்சில் சொல்லும் மனிதரின் நெருக்கடி இந்த எட்டு வசனங்களில் அப்படியே கிடக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. 8ஆம் வசனத்தின் மூலத்தில் பேதுருவுக்கு 'அப்போஸ்தலத்துவம்' என்ற சொல் வருகிறது. பவுலைப் பற்றிய பாதியில் அந்தச் சொல் இல்லை. வாக்கியச் சுருக்கம் என்று சிலரும், எருசலேம் ஒப்புக்கொண்டது பவுலின் பணியைத்தான், பட்டத்தை இல்லை என்று வேறு சிலரும் கொள்கிறார்கள். இடைவெளியைத் தாமே நிரப்பிவிடும் மொழிபெயர்ப்புகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த விவாதம் இருப்பதே தெரியாது.

முதல் கேள்வி நேரத்துக்கு முன்பாக இந்த 2ஆம் வசனம் பற்றிய கேள்வியை எழுதி அனுப்பினேன். நேரத்தில் அது எடுக்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, ஐந்தாம் பாடத்தை மறுபடி கேட்கும்படி ஒரு வரி பதில் வந்தது. மறுபடி கேட்டேன், அதே இரண்டு நிமிடம்தான் இருந்தது. பணம் கட்டிக் கேட்பவர்களின் கேள்விகளைக் கையாளும் முறை இதுவாக இருக்கக் கூடாது.

ஏழாம் பாடத்துக்காகவே இத்தொடரை ஒருவர் வாங்கலாம். கொரிந்துவுக்கு வந்த போட்டி ஊழியர்கள் கையில் சிபாரிசு நிருபங்கள் இருந்தன, பவுலிடம் இல்லை. பேச்சு வன்மையிலும் அவர்கள் மேல். போதாக்குறைக்கு, பவுல் அந்தச் சபையிடம் சம்பளம் வாங்க மறுத்ததே அவருக்கு எதிராகத் திரும்பியது: உண்மையான அப்போஸ்தலனாக இருந்தால் உரிமையோடு வாங்கியிருப்பாரே என்ற வாதம் அங்கே எழுந்திருக்கும் என்பதை 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தையும் 2 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து ஆசிரியர் காட்டுகிறார். 'மகா பிரதான அப்போஸ்தலர்' என்று பவுல் குத்தலாகச் சொல்வது எருசலேம் தலைவர்களையா, கொரிந்துக்கு வந்தவர்களையா என்ற சர்ச்சையையும் அவர் மழுப்பவில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. மற்றவர்களுக்கு அப்போஸ்தலனாக இல்லாவிட்டாலும் உங்களுக்கு நான் அப்போஸ்தலன், நீங்களே என் ஊழியத்தின் முத்திரை என்று பவுல் எழுதும்போது, தம்மைச் சந்தேகிக்கிறவர்களையே அவர் தம் சான்றாக்கிவிடுகிறார். இந்தச் சபை பவுலை மறுத்தால் தன் பிறப்பையே மறுத்ததாகும். இது வாதத்திறமையா, உண்மையான சான்றா என்று ஆசிரியர் கேட்டுவிட்டு முடிவு சொல்லாமல் விட்டது சரியான முடிவு.

யூத நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டத்தை) விடாத தொடக்கக்காலக் கிறிஸ்தவக் குழுவான எபியோனியரைப் பற்றிய எட்டாம் பாடத்தில் தொனி கெட்டுவிடுகிறது. அவர்கள் மத்தேயு சுவிசேஷத்தை மட்டும் ஏற்று, பவுலை நியாயப்பிரமாணத்தை விட்டு விலகியவர் என்று தள்ளினார்கள் என்பது 2ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை எழுத்தாளர் ஐரேனியஸ் எழுதிவைத்த செய்தி, அது உறுதியானது. பவுல் பிறப்பால் கிரேக்கர், ஒரு ஆசாரியனின் மகளை மணக்க ஆசைப்பட்டு விருத்தசேதனம் செய்துகொண்டார், பெண் கிடைக்காத கோபத்தில் நியாயப்பிரமாணத்துக்கு எதிராக எழுதினார் என்ற கதை 4ஆம் நூற்றாண்டின் ஆயர் எப்பிபானியஸ் மூலம் நமக்கு வருகிறது. தாம் பதிதர் என்று வெறுத்தவர்களின் பேச்சாக அவர் பதிந்த இக்கதையை ஆசிரியர் பின்னணி இசையோடு நாடகமாக வாசித்ததில் எனக்கு உடன்பாடில்லை. மாறாக, கிளமென்டின் பெயரில் வழங்கும் பிரசங்கங்கள் என்ற பழைய நூலிலிருந்து ஆசிரியர் எடுத்துக்காட்டிய பகுதி அருமையானது. அங்கே பேதுரு, பவுலுக்கு முகமூடியாக நிறுத்தப்பட்டவன் என்று பலர் கருதும் மந்திரவாதி சீமோனைப் பார்த்து, தரிசனத்தின் மூலம் ஒருவன் போதகனாக முடியுமென்றால் எங்கள் ஆசான் விழித்திருந்தவர்களோடு ஓராண்டு முழுவதும் தங்கிப் பேசியது எதற்கு என்று கேட்கிறார். சீமோன் தம்மைக் குற்றஞ்சுமந்தவர் என்று சொன்னதாகப் பேதுரு குறைப்படும் இடத்தில், அந்தியோகியாவில் பேதுருவைத் தாம் எதிர்த்ததைப் பற்றிக் கலாத்தியரில் பவுல் எழுதிய அதே சொல் திரும்பக் கேட்கிறது. பவுலுக்கு எதிராக இதுவரை எழுப்பப்பட்டவற்றில் எனக்குக் கனமாகத் தோன்றும் கேள்வி இதுதான்; மத்தியாவின் சீட்டெல்லாம் இதன் முன் நிற்காது.

ஒன்பதாம் பாடம் மார்க்கியோனைப் பற்றியது. பவுலின் 10 நிருபங்களையும் வெட்டிச் சுருக்கிய லூக்காவையும் மட்டும் வேதமாக்கிய இந்தப் பொந்துவின் கப்பல்காரரிடம் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்ட கேள்வியை ஆசிரியர் ரசித்துச் சொல்கிறார்: கள்ளச் சரக்கை ஏற்றாத நல்ல மாலுமியே, அப்போஸ்தலன் பவுலை எந்தச் சரக்குச் சீட்டின்பேரில் உன் கப்பலில் ஏற்றினாய்? யார் அவர் மேல் முத்திரை குத்தியது, யார் உன்னிடம் ஒப்படைத்தது? பவுலை நம்புகிறவரே, பவுல் தம்மைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்துப் பவுலை ஏற்க முடியாது என்று வாதிடுவது விந்தை. ஒலித்தரம் இப்பாடத்திலிருந்து குறைகிறது. 1831ஆம் ஆண்டின் கட்டுரை வழியாக பேதுரு கட்சி, பவுல் கட்சி என்ற பிளவைக் கொண்டு தொடக்கத் திருச்சபையின் வரலாற்றையே விளக்கத் துணிந்த ஜெர்மன் அறிஞர் பவுரைப் பற்றிய பத்தாம் பாடம் அவசரமாக முடிகிறது.

குறிப்பேட்டில் வசன எண்கள் சில தவறாக உள்ளன. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அது தொல்லை தராது. ஏற்கெனவே நிருபங்களை ஒருமுறையாவது முழுதாக வாசித்தவர்கள் சேரலாம். புதியவர்கள் ஏழாம் பாடத்தில் தொடங்கி, ஐந்துக்குத் திரும்பி, எட்டில் இசையைப் பொறுத்துக்கொண்டால் போதும். மூன்றாம் பாடத்தை விட்டுவிடலாம்.

திருத்திய பதிப்பு வருமானால் ஒரு பாடம் கூடுதலாக வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் புறஜாதி (யூதரல்லாதோர்) சபைகளில் திரட்டிய பணத்தோடு புறப்படும் பவுல், தம் உதவி அங்கே ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமென்று ஜெபிக்கும்படி ரோமருக்கு எழுதுகிறார். நடபடிகளின் 21ஆம் அதிகாரத்தில் அவர் யாக்கோபின் வீட்டுக்குள் போகிறார். பொருத்தனை செய்துகொண்ட நான்கு பேருக்குச் செலவு செய்யும்படி அவரிடம் சொல்லப்படுகிறது. கொண்டுபோன பணத்தை யாக்கோபு வாங்கிக்கொண்டார் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை.