8019 சிப் போட்ட ஐசா நெட்வொர்க் கார்டு: வாங்கலாம், ஆனா பிஎன்பி-ய (பிளக் அண்ட் ப்ளே) ஆஃப் பண்ணிடுங்க

486, பென்டியம்னு பழைய மெஷின்ல டாஸ் ஓட்டுறவங்களுக்கு மட்டும் தான் இது, மத்தவங்க தாராளமா தாண்டிப் போகலாம். ரியல்டெக் ஆர்டிஎல்8019ஏஎஸ் சிப் போட்ட, மேல கம்பெனி பேரே இல்லாத ஐசா கார்டு (ஐசா-ன்னா பழைய பிசில கார்டு மாட்டுற ஸ்லாட் வகை) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 10 எம்பிபிஎஸ் தான், ஆனா எஃப்டிபில கேம் ஃபைல் தள்ளுறதுக்கு அது தாராளம், என்இ2000-ங்கிற பழைய கார்டு மாடலுக்கான பாக்கெட் டிரைவர (டாஸ்ல நெட்வொர்க் கார்ட ஓட்டுற புரோகிராம்) போட்டா அப்படியே எடுத்துக்குது, சிப் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரோதனை எல்லாம் அட்ரஸ்ல தான். இந்த வகை கார்டு பேஸ் அட்ரஸ்ல இருந்து 32 போர்ட் (சிபியு கார்டோட பேசுற அட்ரஸ்) புடிச்சுக்கும். என்கிட்ட வரும்போது 320 ஹெக்ஸ்ல (16 அடிமான எண், கீழ வர்ற அட்ரஸ் எல்லாம் அப்படித்தான்) செட் ஆகியிருந்துச்சு, அப்போ 33எஃப் வரைக்கும் அதோட இடம், நடுவுல 330-ல சவுண்ட் கார்டோட எம்பியு-401 மிடி போர்ட் இருக்கு, ரெண்டும் முட்டிக்கிச்சு. 360-க்கு மாத்தினாலும் தப்பிக்க முடியாது, 378-ல பிரிண்டர் போர்ட் நிக்குது. இதுல கொடுமை என்னன்னா 320-ல வச்சா கார்டோட டேட்டா போர்ட்டே 330-ல தான் வருது, அங்க எழுதுறது ரெண்டு கார்டுக்கும் போகும், படிச்சா ரெண்டும் சேர்ந்து பதில் சொல்லும், வர்றது குப்பை. அட்ரஸ மாத்துற கான்ஃபிக் ரெஜிஸ்டர் எல்லாம் முதல் 16 போர்ட்டுக்குள்ளயே இருக்கு, அதனால கார்டோட செட்டப் புரோகிராம் அத மாத்திடலாம். இருந்தாலும் குழப்பம் வராம இருக்க சவுண்ட் கார்ட கழட்டி வச்சுட்டு செட்டப் ஓட்டுங்க, ஈஈப்ராம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) சேவ் ஆயிடும், அப்புறம் திரும்ப மாட்டிக்கலாம்.

பிஎன்பி மோட்ல, அதாவது அட்ரஸ சாஃப்ட்வேரே தானா ஒதுக்குற முறைல, வேற கதை. 1993-ல இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது, உண்மையிலயே யோசிச்சு தான் பண்ணிருக்காங்க: கமாண்ட எழுத 279-ஐ எடுத்தாங்க, அது ரெண்டாவது பிரிண்டர் போர்ட்டோட ஸ்டேட்டஸ், படிக்க மட்டும் தான், எழுதினா யாருக்கும் அடிபடாது. டேட்டா எழுத ஏ79, அட்ரஸ்ல கீழ் பத்து பிட் மட்டும் பாக்குற பழைய கார்டுக்கு அதுவும் 279-ஆவே தெரியும். செம. ஆனா படிக்கிற போர்ட்டுக்கு நிலையான இடம் கிடையாது, 203-ல இருந்து 3எஃப்எஃப்-க்குள்ள எங்கயாவது காலியா இருக்கான்னு சாஃப்ட்வேர் தேடிக்கணும், அங்க தான் வினை. என்இ2000-ல ரீசெட் போர்ட்ட சும்மா படிச்சாலே கார்டு ரீசெட் ஆயிடும், தேடப் போன இடத்துல மெஷினே தொங்கலாம். லினக்ஸ் கெர்னல் இதுக்கு பயந்து 280-ல இருந்து 380 வரைக்கும் தொடாம போகுதுன்னா பாத்துக்கோங்க.

நான் பிஎன்பி ஆஃப் பண்ணி 300 ஹெக்ஸ், ஐஆர்கியூ (கார்டு சிபியு-வ கூப்பிடுற லைன்) 10-ல வச்சிருக்கேன், தொந்தரவு இல்ல. ஜம்பர் (பின்ன இணைக்கிற சின்ன கிளிப்) இருக்குற மாடல் கிடைச்சா கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அதையே எடுங்க, எந்த ரெஜிஸ்டரையும் தொடாம கையாலயே அட்ரஸ் மாத்திக்கலாம். பூட் ரோம் (நெட்வொர்க் வழியா பூட் பண்ற சிப்) சாக்கெட் இருக்குன்னு சொல்லி தனியா காசு கேட்டா மட்டும் குடுக்காதீங்க, பெரும்பாலும் காலி சாக்கெட் தான்.