எம்.ஜி.பி கிளட்ச் ஸ்லிப்: இன்ஜினை இறக்குமுன் ஒரு கணக்கு

மேட்டில் நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கிறீர்கள். ஆர்.பி.எம் முள் சரசரவென்று ஏறுகிறது, வேகமோ அப்படியே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வேறு. கிளட்ச் போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மற்ற வண்டியென்றால் பிளேட் வாங்கக் கிளம்பலாம். எம்.ஜி.பியில் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்த 1798 சிசி ஸ்போர்ட்ஸ் காரில், கியர்பாக்ஸை மட்டும் கழற்றிக் கிளட்சைத் தொட முடியாது. இன்ஜினையே வெளியே எடுத்தாக வேண்டும். சரக்கின் விலையை விட உழைப்புதான் அதிகம். அதனால் இன்ஜினை இறக்காமலே தீரக்கூடிய கோளாறுகளை முதலில் ஒதுக்குவதுதான் லாபம்.

முதல் சந்தேகம் ஓவர்டிரைவ் மேல். லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸின் பின்னால் இருந்து, அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) பொருத்திய எம்.ஜி.பிகள் நிறைய உண்டு. அதன் உள்ளே இருக்கும் கூம்பு வடிவ கோன் கிளட்ச் வழுக்கினாலும் இதே அறிகுறிதான். ஓவர்டிரைவ் சுவிட்சை அணைத்துவிட்டு அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். ஸ்லிப் நின்றுவிட்டால் பெரிய கிளட்ச் நிரபராதி. கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அளவு குறைந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஹைட்ராலிக். பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். எம்.ஜி.பி கிளட்சுக்கு கேபிள் வண்டி மாதிரி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது; பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும். தேய்மானத்தை ஸ்லேவ் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். பெடலை விட்டதும் திரவம் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால், உங்கள் கால் பெடலில் இல்லாதபோதும் யாரோ லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போலத்தான். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடேறியபின் மட்டும் ஸ்லிப் ஆனால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். ஸ்லிப் ஆகிற நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அழுத்தத்தோடு திரவம் கசிந்து ஸ்லிப் நின்றால் கோளாறு மாஸ்டரில்: பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல், திரவம் திரும்பும் சின்னத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே மாற்றம் இல்லாமல், ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிளைத் திறந்ததும் சரியானால் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். பழைய ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே உப்பி வழியை மூடியிருக்கும். இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் கோளாறு பெல் ஹவுசிங்குக்கு, அதாவது கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூட்டுக்கு, உள்ளே. (அடியில் துணியை விரித்துக்கொள்ளுங்கள்; கிளட்சில் ஓடுவதும் பிரேக் ஃப்ளூயிட்தான், அது பெயின்டைத் தின்றுவிடும். அப்புறம் காற்று போக பிளீடிங் செய்தாக வேண்டும்.)

ஆயில் விஷயமும் இருக்கிறது. பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிளிட் பின். ஓட்டை அடைபடாமல் இருக்கவே அந்தப் பின். அங்கே ஆயில் தொடர்ந்து சொட்டினால் பிளேட் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை முகர்ந்து பார்த்து எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தக் கியர்பாக்ஸுக்கும் பெரும்பாலும் இன்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ50தான். நிறம்தான் துப்பு: கறுப்பாக இருந்தால் இன்ஜின், தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸ். ஓட்டை வழியாக கிளீனர் ஸ்பிரே அடித்துச் சமாளிப்பவர்களும் உண்டு. லைனிங் குடித்த ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். வீடு போய்ச் சேர உதவலாம், அவ்வளவுதான்.

சரி, இன்ஜின் வெளியே வந்தாகிவிட்டது. பிளேட் மட்டுமா, அல்லது அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்ந்த முழு செட்டா? பிளேட் மட்டும் போதும் என்பவர்கள் சொல்வது முழுக்கத் தப்பில்லை. பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ கோடுகளோ இல்லாமல், அதன் தட்டு வடிவ ஸ்பிரிங்கான டயஃப்ரமின் விரல்கள் தேயாமல் இருந்தால் அது இன்னும் ஓடும். ஆனால் இந்த டயஃப்ரம் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. பழைய காயில் ஸ்பிரிங் வகையில் பிளேட் தேயத் தேயப் பிடிமானம் சீராகக் குறையும். டயஃப்ரமில் தேயும்போது முதலில் பிடிமானம் கூடும், பெடலும் கனக்கும். கடைசிக் கட்டத்தில்தான் சட்டென்று கைவிடும். எனவே ஸ்லிப் தெரிகிற அளவுக்கு வந்த செட் நிறைய வாழ்ந்து முடித்தது என்று வையுங்கள். என் ஓட்டு முழு செட்டுக்குத்தான். ஃப்ளைவீலில் மயிரிழை வெடிப்போ படியோ தெரிந்தால் லேத்தில் ஃபேசிங் கொடுத்துவிடுங்கள். பின்பக்க ஆயில் சீலை இப்போது மாற்றாமல் விட்டால் புதுப் பிளேட்டும் நனையும்.

பெடலை மிதிக்கும்போது டயஃப்ரமை அழுத்திக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கில்தான் சண்டை சூடுபிடிக்கும். கம்பெனி வைத்தது கார்பன் வளையம். அதற்குப் பதிலாக பால் பேரிங் வகையும் கிடைக்கிறது. கார்பன் ஓசையின்றி வேலை செய்யும், கிரீஸ் தேவையில்லை. சிக்னலில் கியரைப் போட்டு பெடலை மிதித்தபடியே நிற்கிறவர்களிடம்தான் அது சீக்கிரம் தேயும். பால் பேரிங் அந்தப் பழக்கத்தைத் தாங்கும். ஆனால் அதைத் தள்ளும் ஃபோர்க் வளைவாக நகர்வதால் பேரிங் மையம் பிசகாமல் நிற்கும்படி நன்றாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது கெட்டுப்போனால் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டியதுதான். காலைப் பெடலிலிருந்து எடுக்கப் பழகிக்கொண்டு கார்பனையே வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்ஜினை மட்டும் எடுப்பதா, கியர்பாக்ஸோடு சேர்த்தா? இன்ஜின் மட்டும் என்றால் கழற்றுவது குறைவு. ஆனால் திரும்ப ஏற்றும்போது கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்டைப் பிளேட் நடுவே நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும். பாரம் ஷாஃப்டில் தொங்கினால் புதுப் பிளேட்டின் ஹப் வளைந்துவிடும். சேர்த்து எடுத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் லீவர், ஸ்பீடோ கேபிள், கிராஸ் மெம்பர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நன்றாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். ஆனால் தரையில் வைத்துக் கண் பார்க்க ஜோடி சேர்க்கலாம். தனியாளாக வீட்டுக் காரேஜில் செய்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

இதே காலத்து டிரையம்ஃப் டி.ஆர்.6, ஸ்பிட்ஃபயர் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. உள்ளே நடுவிலிருக்கும் டனல் கவரைக் கழற்றி, கியர்பாக்ஸைக் காரின் உள்பக்கமாகவே எடுத்துவிடலாம். சீட்டுகளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து தூக்கும்போது இடுப்பு போகும் என்பது வேறு கதை.

கடைசியாக ஒரு வேலை. கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டும்போது அந்த ஸ்பிளிட் பின்னை மறுபடி மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை சேற்றால் அடைபட்டு, அடுத்த தடவை சீல் கசிந்தால் ஆயில் வெளியே சொட்டாது. நேரே பிளேட்டுக்குத்தான் போகும்.