ஒரே கராஜில் இரண்டு எதிரிகள்: கார்ப்பந்தயக் காதல் நாவல்களை வாங்கலாமா?

மோதலில் தொடங்கிக் காதலில் முடிகிற கதை, மாத நாவல் வாசித்து வளர்ந்த தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அந்த மோதலை மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் நடத்துகிற ஆங்கில நாவல்கள் சில ஆண்டுகளாக வரிசையாக வருகின்றன. இரண்டு பந்தயச் சாரதிகள், ஒரு சம்பியன் பட்டம், நடுவில் காதல். பெரும்பாலானவை போர்முலா 1 உலகத்தில் நடப்பவை. திருமலையில் இருந்துகொண்டு காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இவற்றில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்போம்.

உரைகல் ஒன்றுதான். கதையிலிருந்து காரை எடுத்துவிட்டு, இருவரையும் இரண்டு வங்கி மனேஜர்களாக மாற்றிப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரயரும், சாரதி அணியோடு பேசுகிற வானொலியும், ஒப்பந்தமும் காதலர்களைப் பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டும். அதைச் செய்கிற நாவல்கள் குறைவு. ஆனால் இருக்கின்றன, அவை அருமையாகவும் இருக்கின்றன.

இருவரும் ஒரே அணியில் ஓடுகிற நாவல்களே இந்த வகையில் உறுதியானவை. போர்முலா 1இல் ஓர் அணிக்கு இரண்டு கார்கள். இருவருக்கும் கிடைப்பது ஒரே வகைக் கார் என்பதால், 'கார் சரியில்லை' என்ற சாக்கு எடுபடாது. ஒரு சாரதியின் உண்மையான அளவுகோல் பக்கத்தில் நிற்கிற அணித்தோழர்தான். அதேசமயம் இருவரும் எடுக்கிற புள்ளிகள் கூடித்தான் அணியின் கணக்கு எழுகிறது. ஒருவரையொருவர் தோற்கடிக்கவும் வேண்டும், காப்பாற்றவும் வேண்டும். காதல் கதைக்கு இதைவிட நல்ல பொறி கிடையாது.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். லூயிஸ் ஹமில்டனும் நிக்கோ ரொஸ்பேர்க்கும் சிறுவயதில் கார்ட் எனும் சிறு கார்ப் பந்தயங்களில் ஒரே அணியில் ஓடிய நண்பர்கள். 2016இல் மெர்சிடிஸ் அணித்தோழர்களாக, ஸ்பெயின் பந்தயத்தின் முதலாவது சுற்றிலேயே மோதி இருவரும் வெளியேறினார்கள். அந்த ஆண்டு பட்டம் வென்ற ரொஸ்பேர்க் ஐந்தே நாளில் ஓய்வை அறிவித்தார். 2013இல் மலேசியாவின் செப்பாங்கில், இடத்தை மாற்றாதே என்ற அணியின் கட்டளையை மீறி ரெட் புல் சாரதி செபஸ்தியன் வெட்டல் தன் அணித்தோழர் மார்க் வெபரை முந்தி வென்றார். மேடையில் இருவரின் முகத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு நாவலுக்கான பொருள் இருந்தது. இந்த அளவு அழுத்தம் உள்ளே இல்லாத புத்தகம், எதிரிகள் என்று அட்டையில் போடுவது வெறும் விளம்பரம்.

வேறு வேறு அணிச் சாரதிகளின் கதை கொஞ்சம் தளரும். அங்கே யார் திறமைசாலி என்பதைக் கார் மறைத்துவிடும். ரகசியம் கசிவது, ஒப்பந்தம் மாறுவது போன்றவைதான் அதற்குக் கைகொடுக்கும்.

இனி, அடிக்கடி சறுக்குகிற இடங்கள். நீண்ட நேர்ப்பாதையில் நாயகன் 'இன்னும் அழுத்தி மிதித்து' முந்துகிறான் என்று எழுதியிருந்தால் எழுதியவர் பந்தயம் பார்க்கவில்லை. நேர்ப்பாதையில் எல்லோருடைய கால்மிதியும் ஏற்கெனவே அடிவரை போயிருக்கும். முந்துவது மற்றவரைவிடப் பிந்திப் பிரேக் பிடிப்பதால், முந்தைய வளைவிலிருந்து நல்ல வேகத்தோடு வெளிவருவதால், ரயரின் வயது வித்தியாசத்தால். நடுப்பந்தயத்தில் பெற்றோல் நிரப்புகிற காட்சி வந்தாலும் சந்தேகப்படுங்கள்: போர்முலா 1இல் அது 2010 முதல் தடை. அமெரிக்காவின் இண்டிகார், நாஸ்கார் கதை என்றால் சரி. 2026 பருவத்தில் நடக்கிற கதையில், முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டுகிற டிஆர்எஸ் வந்தாலும் தவறுதான். அந்த ஆண்டின் புதிய விதிகள் அதை நீக்கிவிட்டன.

நல்ல நாவலாசிரியர் கதையை நகர்த்துவது ரயர் மாற்றும் நேரத்தில். பின்னால் ஓடுகிறவர் முன்னவருக்கு ஒன்றரைச் செக்கன் தூரத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். பின்னவர் முதலில் ரயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய் நாலு சில்லையும் மாற்றுகிறார். மாற்ற எடுப்பது இரண்டரைச் செக்கன். மணிக்கு 80 கிலோமீற்றர் கட்டுப்பாட்டோடு பிட் பாதையைக் கடப்பதையும் சேர்த்தால் இழப்பு ஏறக்குறைய இருபது செக்கன். முன்னவர் தேய்ந்த ரயரோடு இன்னொரு சுற்று ஓடிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அவருக்கும் அதே இருபது செக்கன் போகும். ஆனால் அந்த ஒரு சுற்றில் புது ரயர் இரண்டு செக்கன் மிச்சம் பிடித்துக் கொடுத்தால், முன்னவர் வெளியே வரும்போது இடம் போய்விட்டிருக்கும். இதற்குப் பெயர் அண்டர்கட். ஒரே அணியில் வழக்கமாக முன்னால் ஓடுகிறவருக்கே முதல் அழைப்பு. பின்னவரை முதலில் அழைத்தால் என்ன ஆகும்? துரோகம் செய்தது அணி. பலனை அனுபவித்தது பின்னால் ஓடிய காதலி. அவளுக்கு அது முன்பே தெரியுமா? இந்தக் கேள்வியில் ஐம்பது பக்கம் ஓடலாம். வானொலியில் பேசியதை உலகமே கேட்கும் என்பதால், கோபத்தில் சொன்ன ஒரு சொல்லையும் திரும்பப் பெற முடியாது.

நாயகி சாரதியாக இருந்தால் அவள் ஏறிவந்த படிகள் பக்கத்தில் தெரிய வேண்டும். போர்முலா 1 ஓட சுப்பர் லைசென்ஸ் வேண்டும். வழக்கமாக வயது 18, கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று ஆண்டுக்குள் 40 புள்ளிகள். போர்முலா 1 வரலாற்றில் புள்ளி எடுத்த ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1975இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்து அரைப் புள்ளி பெற்றார். இந்த வெற்றிடத்தின் பாரத்தை உணராமல், நாயகியை முதல் அத்தியாயத்திலேயே சம்பியனாக்குகிற நாவல் அவளுக்குச் செய்வது நன்மை அல்ல.

விபத்துக் காட்சியில் நாம் கடுமையாகவே இருக்க வேண்டும். சுவரில் மோதல், ஆஸ்பத்திரிக் கட்டில், காதல் ஒப்புதல் என்று பல புத்தகங்கள் சுலப வழி தேடுகின்றன. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்த நாட்டில், அதைச் சும்மா ஒரு திருப்பமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. ஒரு விபத்துக்குப் பிறகு மறுபடி காருக்குள் ஏறும் பயத்தை எழுதுகிற நாவலைத் தேடுங்கள்.

நம் நாட்டுக் களமே இதற்குத் தயாராக இருக்கிறது. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். எதிரிகள் பாதையில் சந்திப்பதே இல்லை. ஒருவர் நேரத்தை மற்றவர் கீழே நின்று கேட்க வேண்டும். தமிழில் யாராவது எழுத வேண்டிய கதை அது.

வாங்குவதற்கு: மின்னூலே வசதி. பொதுவாகத் தொடக்கத்தில் பத்து வீதம் அளவு மாதிரிப் பகுதி இலவசம். முதலாவது பந்தயக் காட்சி அதற்குள் வரவில்லை என்றால் யோசியுங்கள். வந்தால், அந்தக் காட்சியில் ரயர் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நமக்கு ஞாயிறு பின்னேரம் 6.30க்குத் தொடங்கும். ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு வாசித்தால் போலி எது என்று உடனே பிடிபடும். படுக்கையறைக் காட்சிகள் பல புத்தகங்களில் வெளிப்படையானவை. வீட்டில் பிள்ளைகளும் பாவிக்கிற டப்லெட்டில் இறக்குமுன் வாசகர் குறிப்புகளைப் பார்த்துவிடுங்கள். கடதாசிப் பிரதிதான் வேண்டும் என்றால், உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடற்கரை வீடுகளில் நவம்பர் முதல் ஜனவரி வரை அதைத் திறந்த தட்டில் வைக்க வேண்டாம். பசையால் ஒட்டிய முதுகு ஈரத்தில் விட்டு, நடுப் பக்கங்கள்தான் முதலில் கழரும். ஒலிப்புத்தகம் என்றால் இருவர் பார்வைக்கும் இரண்டு குரல் கொடுத்த பதிப்பை எடுங்கள். ஒரே குரலில் வாசித்தால், பந்தயக் காட்சியில் எந்தக் காருக்குள் இருக்கிறோம் என்பதே குழம்பிவிடும்.